வெள்ளிப்பட்டை அந்துவின் பரவல்

தோற்றம் என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுச் சௌந்தரவள்ளி டம்ளரைக் கையில் எடுத்தாள், காப்பி ஆறிப்போயிருந்தது, ஆறின காப்பியையும் குடிக்கப் பழக்கிவிட்டது அந்த ஊர், பத்தொன்பது வருஷ ஜெர்மனி. மணி எட்டே முக்கால். பத்து மணிக்குத் தவமணி அண்ணன் வருவார், பத்து என்றால் பத்துதான், முப்பது வருஷமாக, முதலில் பள்ளிக்கூடத்திலும் பிறகு காலேஜிலும், மணியடித்ததும் வகுப்புக்குள் நுழைந்த கால்கள் அவை. வந்து இந்த ஒரு தாளை வாங்கிக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போவார். போடி மலையடிவாரத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி அவரும் அவளும் சேர்ந்து எழுதும் கையேட்டில் இருநூற்றுப் பதினோரு பூச்சிகள், இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ், ஒவ்வொன்றுக்கும் மூன்றே தலைப்பு: தோற்றம், பரவல், உணவு. இருநூற்றுப் பத்து முடிந்து அச்சுக்கோத்தாகிவிட்டது. பாக்கி இந்த வெள்ளிப்பட்டை ஒன்றுதான். பாக்கி விழவில்லை, அவள்தான் விட்டுவைத்தாள், சின்ன வயசில் தட்டில் பாகற்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் தட்டில் பாகற்காயும் அவளும் மட்டும் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி. சரி, தோற்றம். தோற்றத்தில் பயம் ஒன்றும் இல்லை, கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும்.

மிகச் சிறியது. எவ்வளவு சிறியது? சிறகை விரித்தால் ஏழு மில்லிமீட்டர் என்று எழுதிவிடலாம், ஆனால் ஏழு மில்லிமீட்டரை யார் பார்த்திருக்கிறார்கள். ஒரு சீரகத்துக்கு இறக்கை முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அதை எழுதினாள், எழுதிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள், வலது பக்கத்து இங்கிலீஷில் இந்தச் சீரகத்தை என்ன செய்வது, அங்கே மில்லிமீட்டரே இருக்கட்டும். முன்சிறகு செம்புப் பாத்திரம் புளிபோட்டுத் துலக்கி இரண்டு நாள் ஆன நிறம். அதன் குறுக்கே, சரியாக நடுவில், ஒரு வெள்ளிப் பட்டை. பின்சிறகைச் சிறகு என்றே சொல்ல முடியாது, ஒரு நரம்பும் இரண்டு பக்கமும் மயிரும், காதுகுடையும் கோழியிறகு மாதிரி. தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குடுமி. உணர்கொம்புகள் உடம்பளவு நீளம், உட்கார்ந்திருக்கும்போது இரண்டையும் பின்னால் மடித்து முதுகோடு ஒட்டிவைத்துக்கொள்ளும் என்று எழுத வந்தவள் நிறுத்தினாள். உட்கார்ந்திருப்பதை யார் பார்த்தது? உயிரோடு இந்தப் பூச்சியை அவள் பார்த்ததில்லை. தவமணி அண்ணனும் பார்த்ததில்லை, இதை அவர் அறியமாட்டார். அவர் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். மை காய்ந்துவிடும்.

கீழ்வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார்கள். காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள், நாலு பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு எட்டு மில்லி, ஏழு மில்லி, உடைசல், கறுத்தது என்று பிரித்துப் பிரித்து ஒதுக்குவார்கள், பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும், விரல் ஒரு பக்கம், ஒன்றுகூட மாறி விழாது. மாடிப்படி வழியாக அந்த வாசம் ஏறி வரும். எட்டு மாசத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் அந்த வாசத்தில் தலை கிறுகிறுத்தது, இப்போது மூக்கே கண்டுகொள்வதில்லை, மாறி விழாது என்பதைத்தான் மனசு பிடித்துக்கொள்கிறது. அவர்களால் முடிகிறது. கண்ணை மூடினால்கூடப் பிரிப்பார்கள். அவளுக்கு அன்றைக்கு இரண்டே இரண்டு. வீட்டுக்கார ஜக்கம்மாள் படிக்கட்டுக்குக் கீழே நின்று குரல் கொடுத்தாள்.

"ஏம்மா வள்ளி, தண்ணி வந்திருச்சு. மோட்டாரப் போடவா, இல்ல ஒம் பூச்சியெல்லாம் பயந்துக்கிருமா?"

"போடுங்கக்கா. செத்த பூச்சிதான், ஒன்னும் செய்யாது."

"செத்ததுக்கா இம்புட்டு மெனக்கெடுற? உசுரோட இருக்க எங்களுக்கு ஒரு கத எழுத ஆளக் காணோம்."

கீழே சிரிப்பு. மோட்டார் இரையத் தொடங்கியது. சௌந்தரவள்ளியும் சிரித்தாள், சிரிப்பு அடங்கும்போது கண் தாளில் இரண்டாவது தலைப்பில் போய் விழுந்தது, பரவல், விழுந்த வேகத்தில் எழுந்து மூன்றாவதற்குத் தாவியது. உணவு. உணவை முதலில் முடித்துவிடலாம், வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது.

உணவு: களா. முள்ளுச்செடி, பால் வடியும் இலை, சிவந்து கறுக்கும் பழம், அடிவாரத்துப் பிள்ளைகள் நாக்கை நீலமாக்கிக்கொள்ளும் பழம். பூச்சி பழத்தைத் தொடுவதில்லை. இலையின் மேல்தோலில் ஒரு முட்டை. முட்டையிலிருந்து வரும் புழு வெளிக்காற்றையே பார்க்காது, முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே இலைக்குள் இறங்கிவிடும். மேல்தோலையும் தின்னாது, கீழ்தோலையும் தின்னாது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் பச்சையை மட்டும் தின்றுகொண்டே போகும். போன வழி வெளியே வெள்ளைக் கோடாகத் தெரியும், முதலில் நூல் மாதிரி, புழு வளர வளரக் கோடும் பருக்கும், நரம்பு குறுக்கே வந்தால் திரும்பும், தன் பழைய வழியே எதிரே வந்தால் அதிலும் திரும்பும். ஒரே இலை. அதற்குள்ளேதான் பதினெட்டு நாள். எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது, ஆனால் எங்கே போயிற்று என்று இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிற எவனுக்கும் தெரிந்துவிடும். பிறகு இலையை விட்டு இறங்கிச் சருகுக்கடியில் கூடு கட்டும். வெளியே வருகிற அந்துவுக்குத் தேன் உறிஞ்சும் குழல் உண்டு, அது எதையும் குடித்ததாகப் பதிவு இல்லை. நன்றாக எழுதிவிட்டாள். இலங்கைக்காரர்கள் கண்டிப் பக்கத்து மலைகளில் வளர்த்துப் பார்த்து எழுதியவை இவை, அவள் சரிபார்த்தாள், எல்லாம் கண்டிக் களாச் செடியில். போடிக் களாவில் அப்படிக் கோடு விழுந்த இலை ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு ஐப்பசியாக ஒரு மனுஷன் அடிவாரத்துக் களாச் செடியில் ஒவ்வொரு இலையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், ஒரு வெள்ளைக் கோடு இல்லை.

போன ஐப்பசியில் அவளும் போனாள். போயிருக்கக் கூடாது. தவமணி அண்ணன் கறுப்புக் குடையை மலர்த்திப் பிடித்துக்கொண்டு செடிக்கடியில் நீட்டுவார், குடைக்கு உள்பக்கம் பழைய வேட்டியைக் கிழித்து வெள்ளையாகத் தைத்திருக்கிறார், கம்பால் செடியை இரண்டு தட்டு, விழுகிற பூச்சியெல்லாம் வெள்ளையில் தெரியும். ஆடு மேய்க்கிற ஒரு ஆள் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, "என்ன வாத்தியாரே, மழை கீழேருந்தா பெய்யுது?" என்றார், இவர் தலையைத் தூக்காமலே, "ஒனக்கு மேலேருந்து பெய்யும், எனக்குக் கீழேருந்து பெய்யும், ஆட்டப் பாருய்யா" என்றார், வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில், அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. இறங்கி வரும்போது பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், மே மாசம் ஓய்வு, ஜூன்லேருந்து மேலே ஊத்தடி ஊர்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்கப்போறேன் வள்ளி, ஆளையும் பேசிட்டேன், வருஷத்துல பத்து நாள் தேடினா எங்க கிடைக்கும், முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் தேடுவோம், உங்க அண்ணிதான் மொறைக்கிறா, அந்தப் பூச்சியவே கட்டியிருக்க வேண்டியதுதானேங்கிறா. அவள் அப்போது குடையைக் கையில் வைத்திருந்தாள். குடைக்குள் இரண்டு எறும்பும் ஒரு சிலந்தியும். சொல்லியிருக்கலாம். அந்தக் கல், அந்த வெயில், அந்த முட்டி, வாயைத் திறந்தால் போதும். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

எல்லாம் ஒரு மின்விசிறி. இல்லை, மின்விசிறியைச் சொல்லக் கூடாது, அது சுற்றத்தான் செய்யும். மதுரையில் அருளானந்தம் சாருடைய ஆய்வுக்கூடம், தொண்ணூற்றெட்டு நவம்பர், பகல் ஒரு மணி, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அன்றைக்குக் காலையில் சார் எல்லோர் முன்னாலும் தவமணி அண்ணனைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, "ஒனக்கு இது வராதுப்பா. பள்ளிக்கூடத்துல பெல் அடிக்க நல்ல ஆள் நீ." அண்ணன் அப்போது பள்ளிக்கூட வாத்தியார், சனி ஞாயிறு போடியிலிருந்து பஸ் ஏறி ஆராய்ச்சிக்கு வருகிறவர், முப்பத்து மூன்று வயது, காது சிவந்துபோய் நின்றார். அவளுக்கு இருபத்திரண்டு. அவர் கொண்டுவந்த நாற்பது பூச்சியையும், கண்டிப் பக்கமிருந்து சாருடைய நண்பர் தபாலில் அனுப்பிய ஒரு பெட்டிப் பூச்சியையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு பெயர்ச்சீட்டு எழுதிக் குத்துவது அவள் வேலை. இத்தனூண்டு பூச்சியை நேராகப் பெரிய ஊசியில் குத்த முடியாது, மயிரிழை ஊசியில் குத்தி, அந்த ஊசியை ஒரு துண்டுத் தக்கையில் செருகி, தக்கையைப் பெரிய ஊசியில் ஏற்றி, அதற்குக் கீழே சீட்டு. சீட்டில்தான் எல்லாம், எங்கே, எப்போது, யார். சீட்டு இல்லாத பூச்சி வெறும் தூசி, சார் தினமும் சொல்வார். மின்சாரம் போயிருந்தது. போடிப் பூச்சி ஒன்றும் கண்டிப் பூச்சி ஒன்றும் நின்ற இரண்டு தக்கைகளையும் வெளியே எடுத்து, இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த நிமிஷத்தில் மின்சாரம் வந்தது, தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. அவ்வளவுதான். இரண்டும் மேஜைக்கடியில். முழங்காலிட்டுத் தேடி எடுத்தாள், சேதமில்லை, ஒரு மயிர்கூட உதிரவில்லை, எவ்வளவு சந்தோஷப்பட்டாள். பிறகுதான் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு நின்றாள். எது போடி, எது கண்டி. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. இதுதான் போடி என்று ஒன்றைக் குத்தினாள்.

அன்று மாலை சார் உருப்பெருக்கியில் கண்ணை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. எடுத்தபோது தவமணி, தவமணி என்று கூப்பிட்ட குரல் வேறு குரல். வெள்ளிப்பட்டையடா, சிலோனைத் தவிர வேறெங்கும் இல்லைன்னு நூறு வருஷமா எழுதி வெச்சிருக்கான், உன் மலையில இருக்குடா. அண்ணனுடைய தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணன் காது மறுபடி சிவந்தது, இந்தத் தடவை வேறு சிவப்பு. இவளைப் பார்த்துச் சிரித்தார், வள்ளி, நீதானே குத்துன, ராசியான கை. அந்த இடத்தில், அந்த ஒரு மூச்சில் சொல்லியிருந்தால். ஆனால் என்னவென்று சொல்வது, மாறிப்போச்சு என்றா, மாறியிருக்கலாம் என்றா? சரியாகவும் இருக்கலாமே. பாதிக்குப் பாதி. அந்தப் பாதியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஒரு பாதி போதும் மனுஷருக்குக் குடியிருக்க, சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, எதிர்ப்பக்கம் திறந்து கிடக்கிறதே என்று யாரும் கேட்கமாட்டார்கள், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டால் காற்றும் தெரியாது. சார் அதைச் சரிபார்க்க ஜெர்மனிக்கு அனுப்பினார். ஆமாம், வெள்ளிப்பட்டைதான் என்று கடிதம் வந்தது. பூச்சி அங்கேயே தங்கிவிட்டது. ஆறு வருஷம் கழித்து அவளும் அதே அருங்காட்சியகத்துக்கு வேலைக்குப் போனாள், அதற்காகப் போகவில்லை, கிடைத்தது, போனாள், நடுவில் ஒரு கல்யாணமும் ஆகி முடிந்தது. அவள் அறை மூன்றாவது மாடி, அது இருந்த இழுப்பறை முதல் மாடி. பதினெட்டு வருஷம் லிஃப்டில் முதல் மாடியைத் தாண்டும்போதெல்லாம் அவள் செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

திறந்தது போன வருஷம் பிப்ரவரியில். ஊருக்குத் திரும்புவது முடிவான பிறகு, அண்ணன் கடிதத்துக்கு மேல் கடிதமாக வா வள்ளி, வந்து ஒரு வருஷம் இரு, கையேட்டை முடிச்சிருவோம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது. வெளியே பனி, ஜன்னலில் சாம்பல் வெளிச்சம், இழுப்பறை சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுடைய இருபத்திரண்டு வயசுக் கையெழுத்து, போடி மலையடிவாரம், த. தவமணி. பூச்சியைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே தக்கையைப் பார்த்தாள். அண்ணனுக்கு அந்தக் காலத்தில் தக்கை வாங்க வசதி ஏது, காய்ந்த சோளத்தட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் பஞ்சை வெட்டி வைத்துக்கொள்வார், லேசான மஞ்சள், நெடுக நார் ஓடும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. நெட்டி. பூமாலைக்கு வெட்டுவார்களே, அதே நெட்டி, கண்டிப் பெட்டியில் அத்தனைப் பூச்சியும் நெட்டியில்தான் நின்றது. அன்றைக்கு மேஜையடியிலிருந்து எடுத்துப் பூச்சியைப் பார்த்தாளே தவிர அது நின்ற துண்டை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை நொடியில் தெரிந்திருக்கும். பாதி வீடு அன்றைக்குத்தான் இடிந்தது, சத்தமே இல்லை, இழுப்பறையை உள்ளே தள்ளினாள், போய் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றாள்.

ஒன்பது ஐம்பது. பரவல். வலது பக்கத்தை முதலில் எழுதிப் பார்த்தாள், இங்கிலீஷில் அது எத்தனை சுலபமாக வருகிறது, இலங்கை மலைகள், பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு போடியிலிருந்தும் அறியப்பட்டுள்ளது, ஒரு ஆள் இல்லை அந்த வாக்கியத்தில், ஒரு கை இல்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழிலும் அதற்கு மேல் இங்கிலீஷிலும் படித்தவளுக்கு இது ஒரு சௌகரியம், ஒன்றில் மூச்சுமுட்டினால் இன்னொன்றின் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். தமிழிலும் எழுதினாள், போடி மலையடிவாரத்திலும் காணப்படுகிறது. காணப்படுகிறது. யார் கண்டது? வெள்ளை வேட்டி தைத்த குடை கண்ணுக்கு முன்னால் வந்தது. இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், அண்ணன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார், ஜூனில் மேலே போய் அறுபது வயசு முட்டியோடு இல்லாத பூச்சிக்காகக் களாச் செடியைத் தட்டுவார், முந்நூற்று அறுபத்தைந்து நாள், ஒருநாள் அங்கேயே வழுக்கி விழுவார். கொடுக்காவிட்டால் அவருக்கு இருந்த அந்த ஒரு மாலை, தோளைப் பிடித்து உலுக்கிய அந்தக் கை, அதுவும் போய்விடும். எது பெரிய திருட்டு? எழுதின வரியை அடித்தாள். அடித்த கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. மோட்டார் நின்றது. கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம், ஜக்கம்மாளின், "வாங்க சார், மேலதான் இருக்கு, பூச்சியும் பூச்சிக்காரியும்" என்ற குரல், படியில் ஒவ்வொரு காலாக ஏறும் சத்தம், வலது முட்டி மடங்காததால் அந்தத் தாளம்.

"என்ன வள்ளி, நம்மாளு முடிஞ்சிட்டானா?" தவமணி வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அச்சகத்துல ரெண்டு தடவ போன் பண்ணிட்டான்."

"அண்ணே, பரவல்ல போடின்னு போட முடியாது."

"ஏன், ஊத்தடின்னே போட்டுருவோமா? அந்த ஊருக்கும் ஒரு பேரு."

"அது நீங்க புடிச்சதே இல்லண்ணே."

அவர் சிரித்தார். "புடிச்சவன் நான் சொல்றேன். எழுது."

"நீங்க புடிச்சது வேற. நான்தான் மாத்திக் குத்திட்டேன். அன்னைக்குக் காலைல சார் உங்கள வைஞ்சாருல்ல, அன்னைக்கு மத்தியானம்." மின்விசிறி, மேஜையடி, இரண்டு உள்ளங்கை, ஜெர்மனி இழுப்பறை, நெட்டி. இருபத்தாறு வருஷமாகத் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது வெளியே வந்தபோது ஏழெட்டு வாக்கியம்கூட இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவுதானா.

தவமணி அவளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார்.

"நெட்டியா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"என்னோடது சோளத்தட்ட."

"ஆமா."

"லேசா மஞ்சளா இருக்கும்."

"தெரியும்ணே. இது வெள்ளை."

கீழே முறத்தில் ஏலக்காயைப் புடைக்கும் சத்தம் கேட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார், தாளைக் கிட்டே இழுத்து, தோற்றத்திலிருந்து உணவு வரை, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி, விரலை வரிக்கடியில் வைத்து வாசித்தார். சீரகத்தில் விரல் நின்றது. நகர்ந்தது. அடித்திருந்த வரியில் மறுபடி நின்றது.

"எப்பப் பாத்த அத?"

"போன வருஷம். பிப்ரவரில."

"பிப்ரவரி." கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஐப்பசியில எங்கூட மேல வந்தியே."

அவள் பேனாவை எடுத்து மூடியை மாட்டினாள்.

"வந்து, குடையப் புடிச்சியே வள்ளி. ஒரு நாள் பூரா."

சத்தம் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள், சார் மாதிரி நாலு பேர் கேட்கச் சத்தம் போடலாம், கீழே முறங்கள் நிற்கும், ஜக்கம்மாள் படியேறி வருவாள், அழுதுவிடலாம். அவர் சத்தம் போடவில்லை. எழுந்தார். தாளை எடுக்கவில்லை. மேஜையைப் பிடித்து முட்டியை நிமிர்த்தினார், வாசலுக்குப் போனார், ஒரு செருப்பில் காலை நுழைத்தார், இன்னொன்றைக் காலால் துழாவினார். போகிறார். இருபத்திரண்டு வயசிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான், இந்த முதுகுக்கு, அது இப்போது எதிரே இருக்கிறது, வெள்ளைச் சட்டை, நடுவில் வியர்வை, பார்க்க முடிகிறது, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடிகிறது. இரண்டாவது செருப்பு அகப்பட்டது. அவர் நகரவில்லை.

"அப்ப என்னோடது எங்க?"

"என்னதுண்ணே?"

"நான் புடிச்சது. ஒன்னு இங்க வந்துச்சுன்னா இன்னொன்னு அங்க போயிருக்கும்ல. அது எங்க?"

சௌந்தரவள்ளி வாயைத் திறந்தாள். இருபத்தாறு வருஷம், மூன்றாவது மாடி, முதல் மாடி, பனி, போன ஐப்பசி, ஒவ்வொரு தடவையும் மனசு போய்த் தட்டிய இடம் அந்த ஒன்றுதான், செம்பும் வெள்ளியுமான அந்த ஒன்று. மற்றது? இரண்டு உள்ளங்கைதானே, இன்னொரு கையில் இருந்ததை நினைத்துப் பார்த்தாள். நிறம் தேடினாள். சாம்பலா, பழுப்பா, புள்ளி உண்டா, பட்டை உண்டா. கை இருந்தது, ரேகை இருந்தது, பூச்சி இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது. சேதமில்லை என்று பார்த்ததோடு சரி, அது என்ன பூச்சி என்று அவள் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூட நினைத்ததும் இல்லை.

"கண்டிப் பெட்டியில குத்துனேன்," என்றாள். "எப்படி இருக்கும்னு தெரியலண்ணே. அந்தப் பெட்டி எங்க போச்சோ."

"எங்க போகும்?" அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது. "சார் செத்தப்புறம் எல்லாம் எங்கிட்டதான வந்துச்சு. காலேஜ்ல எம் பீரோவுல இருக்கு. வருசத்துக்கு ரெண்டு தடவ நான்தான் அந்துருண்ட மாத்துறேன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மாத்துறேன்," என்றார் மறுபடியும், யாரிடமோ.

எத்தனை தடவை அந்தப் பெட்டியைத் திறந்து முகர்ந்து மூடியிருப்பார். கண்டி என்று எழுதிய சீட்டுக்கு மேலே, நெட்டிகளுக்கு நடுவே, ஒரே ஒரு சோளத்தட்டை. அடுத்தவன் சரக்கு என்று விரல் படாமல் வைத்திருப்பார்.

"லென்ஸ எடுத்துக்கங்க, காலேஜுக்குப் போகணும்," என்றார் அவர். வள்ளி என்று சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் லென்ஸை எடுத்தாள், தாளின்மேல் காப்பி டம்ளரை வைத்தாள், வீட்டைப் பூட்டினாள். பூட்டு விழவில்லை, இரண்டாவது தடவை விழுந்தது. அவர் முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார், அவள் நாலு படி விட்டு இறங்கினாள். முற்றத்தில் முறங்கள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன, ஜக்கம்மாள் ஏதோ கேலி பேச வாயெடுத்து இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் காலை ஒதுக்கி வழிவிட்டாள். வெளியே பத்தரை மணி வெயில் தெருவை வெளுத்திருந்தது. தவமணி வண்டியைத் திருப்பி உட்கார்ந்தார், உதைத்துக் கிளப்பவில்லை, நேரே மலையைப் பார்த்தபடி, சரியில்லாத காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பின்னால் அவள் ஏறட்டும் என்று நின்றார்.